பலகை சொன்னது, படம் காட்டுவது

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் தமிழ்நாட்டுச் சிற்றுண்டி ஓட்டல்களில் மெனு கார்டு என்பது பெரும்பாலும் சர்வரின் வாய்தான். தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்த கையோடு ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்: “இட்லி, வடை, பொங்கல், பூரி, ரவா, ஆனியன் ரவா, நெய் ரோஸ்ட், ஊத்தப்பம்…” “பொங்கல் எப்படி இருக்கு?” என்று கேட்டால், “இப்பதான் சார் இறங்குச்சு” என்பார். அல்லது கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தோசையே சொல்லிடுங்க சார்” என்பார். முதலாளியின் சரக்கைக் கூவி விற்றவரும் அவரே; அந்தச் சரக்கு இன்றைக்குச் சரியில்லை என்று காதோரம் எச்சரித்தவரும் அவரே. சொன்னது ஒன்று, இலையில் விழுந்தது வேறொன்று என்றால் திட்டு வாங்கியவரும் அவர்தான்.

இன்று அதே பொங்கல் கைபேசித் திரையில் படமாக வருகிறது. எண்ணி அடுக்கிய முந்திரி, வழியும் நெய், பக்கத்தில் மூன்று நிறத்தில் சட்னி. படத்தை எடுத்தவர் ஒருவர், ஏற்றியவர் இன்னொருவர். சமைப்பவரை நாம் பார்க்கப்போவதே இல்லை. கொண்டுவருபவருக்கு டப்பாவுக்குள் இருப்பது தெரியாது. புகாரைக் கேட்பது ஒரு சாட் பெட்டி. விளம்பரத்துக்கும் உணவுக்கும் நடுவே இடைவெளி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த இடைவெளியில் நின்று நமக்குப் பதில் சொன்ன ஆளைத்தான் காணோம்.

பெயரே உத்தரவாதம்

பழைய ஓட்டல் பலகையில் பண்டத்தின் படம் கிடையாது. யார் கைப்பக்குவம், எந்த ஊர் ருசி, என்ன சேர்மானம் என்பதைத்தான் பலகை சொன்னது. ‘உடுப்பி’ என்றால் சைவம், சாம்பாரில் லேசான வெல்லம். ‘மிலிட்டரி ஓட்டல்’ என்றால் அசைவம். ‘முனியாண்டி விலாஸ்’ என்றால் மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்களின் காரம். ‘பசும்பால் காபி’, ‘சுத்தமான நெய்யில் செய்தது’, ‘அளவு சாப்பாடு’, ‘ஃபுல் மீல்ஸ்’ என்று எழுதிய ஒவ்வொன்றும் உட்கார்ந்த இடத்திலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்குறுதி. அளவு சாப்பாடு என்றால் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்த சோறு, அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க உரிமையில்லை என்பது இருதரப்புக்கும் தெரியும். ஃபுல் மீல்ஸ் என்று எழுதிவிட்டு இரண்டாம் முறை சோற்று வாளி வராமல் போனால், பக்கத்து மேஜைக்காரரும் சேர்ந்து குரல் கொடுப்பார்.

இந்தப் பலகை மொழிக்கு அசிங்கமான பக்கமும் உண்டு. ‘பிராமணாள்’ என்று எழுதிய பலகை, சமைப்பவரின் சாதியையே சுத்தத்துக்குச் சான்றிதழாக விற்றது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் பெரியாரின் திராவிடர் கழகத்தினர் நடத்திய மறியல், பலகையில் இருந்த அந்த ஒரு சொல்லை எதிர்த்துத்தான். இட்லியின் தரத்தைப் பற்றிய சண்டை அல்ல அது. எதைக் காட்டி இட்லியை விற்கலாம், எதைக் காட்டி விற்கக் கூடாது என்ற சண்டை.

பலகைக்குக் கீழே பண்டமே தன்னைத்தானே விளம்பரம் செய்துகொண்டது. வாசல் கண்ணாடிப் பெட்டியில் மைசூர்பாகும் ஜாங்கிரியும் அடுக்கியிருக்கும். மாலை நான்கு மணிக்கு வடைச் சட்டியின் வாசனை தெருமுனை வரை போகும். புரோட்டாக் கல்லை உள்ளே சமையல்கட்டில் வைக்காமல் தெருவைப் பார்த்து வைத்ததே அதற்காகத்தான். மாஸ்டர் மாவை வீசுவதும், கொத்து புரோட்டாவின் தாளமும் எந்த நோட்டீசையும்விட நன்றாக ஆளை இழுத்தன. திருநெல்வேலி இருட்டுக்கடை பெயர்ப்பலகை இல்லாமலே, மாலையில் மட்டும் திறந்து, அல்வாவுக்குக் கூட்டத்தை நிற்கவைத்தது. கண்ணால் பார்த்து, மூக்கால் முகர்ந்த பிறகே காசை எடுக்கும் இந்த ஏற்பாட்டில், பண்டத்தின் வடிவத்திலும் அளவிலும் ஏமாற்ற இடம் குறைவு.

அன்றைய பித்தலாட்டம்

ஆகவே அன்றைய ஏமாற்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் ஒளிந்துகொண்டது. ‘நெய் ஜாங்கிரி’ என்று பலகை சொல்லும். சட்டியில் காய்வது வனஸ்பதியாக இருக்கும். டால்டா என்ற வணிகப் பெயர் வனஸ்பதிக்கே பொதுப்பெயர் ஆகும் அளவுக்கு அது வீடுகளிலும் ஓட்டல்களிலும் நுழைந்துவிட்டது. வெண்மையாக, மணலாக உறைந்து, நெய்யோடு கலந்தால் பிரித்தறிய முடியாமல் இருந்ததுதான் அதன் பலம். அதைப் பிடிக்க அரசு கண்ட வழி சுவாரசியமானது. வனஸ்பதி தயாரிக்கும்போதே அதில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்த்தாக வேண்டும் என்று விதித்தார்கள். ருசிக்காக அல்ல. நல்லெண்ணெய் கலந்த கொழுப்பில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் ஃபர்ஃப்யூராலையும் விட்டுக் குலுக்கினால் செந்நிறம் வரும். பௌடூயின் சோதனை என்று அதற்குப் பெயர். நெய் என்று சொல்லி விற்றது சிவந்தால், உள்ளே வனஸ்பதி இருக்கிறது. கள்ளனைப் பிடிக்க அவன் சட்டைப்பையிலேயே அடையாளத்தை வைத்து அனுப்பியது போன்ற ஏற்பாடு.

காபியிலும் இதே கதை. ‘சுத்தமான காபி’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு சிக்கரி என்பது டிகாக்‌ஷனின் நிறத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாத ரகசியம். சிக்கரி நிறத்தை இன்னும் கெட்டியாகத்தான் காட்டும். பிறகு வந்த விதிகள், கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சிக்கரியின் பங்கைப் பொட்டலத்தின் மேல் எழுத வேண்டும் என்றன. பொட்டலத்தில் எழுதினார்கள். ஓட்டல் டம்ளரில் எழுத இடமில்லை.

1954இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. ஆய்வாளர் வந்து மாதிரி எடுப்பார், ஆய்வகத்துக்குப் போகும், வழக்கு நடக்கும். ஆனால் ஏமாந்த வாடிக்கையாளர் தானே போய் நஷ்டஈடு கேட்க எளிய வழி 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரும் வரை இல்லை. அதுவரை அவருக்கு இருந்த ஆயுதங்கள் இரண்டு: கல்லாவில் நின்று சத்தம் போடுவது, மறுநாள் எதிர்க் கடைக்குப் போவது. அந்தக் காலத்தில் ஓட்டல்காரர்கள் எல்லாம் தர்மவான்கள் என்று பேசுவது பாதி ஞாபகமறதி. பொய் அன்றும் இருந்தது. ஆனால் பொய் சொன்னவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார்.

ஃபிளெக்ஸில் பூத்த புரொக்கோலி

படம் முதலில் வந்தது பொட்டலத்தின் மேல். நூடுல்ஸ் உறையில் காய்கறியும் முட்டையும், பிஸ்கட் உறையில் பால் தெறிக்கும் கிண்ணம், பழரசப் பெட்டியில் பனித்துளி படிந்த மாம்பழம். ஓரத்தில் எறும்பு எழுத்தில், பரிமாறும் விதத்துக்கான ஒரு யோசனையே இப்படம் என்று ஒரு வரி. முட்டையும் காய்கறியும் நாம் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியவை என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும்.

பிறகு வந்தது ஒளிரும் பலகை. 1995இல் பெங்களூரில் கேஎஃப்சி, 1996இல் டெல்லியில் மெக்டொனால்ட்ஸ் என்று வெளிநாட்டுக் கடைகள் இறங்கியபோது, கல்லாவுக்கு மேலே பின்னொளியுடன் பண்டங்களின் படம் வரிசையாக வந்தது. படத்தைக் காட்டி, எண்ணைச் சொல்லி வாங்கும் பழக்கமும் கூடவே வந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் ஃபிளெக்ஸ் அச்சு மலிந்ததும் தள்ளுவண்டி வரை படம் இறங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் ஃபாஸ்ட் ஃபுட் வண்டியின் நெற்றியில் ஒரே நூடுல்ஸ் படத்தைப் பார்க்கலாம். கருநிறத் தட்டு, மரக் குச்சிகள் இரண்டு, ஓரத்தில் பச்சைப் பசேலென்று புரொக்கோலிப் பூ. அந்த வண்டி மாஸ்டர் புரொக்கோலியைக் கையால் தொட்டிருக்க மாட்டார்; முட்டைக்கோஸும் குடமிளகாயும்தான் அவர் சட்டியில் விழுபவை. ஜூஸ் கடைப் பலகையில் ஸ்ட்ராபெரியும் கிவியும் தண்ணீரில் குதிக்கும். கடைக்குள் தொங்குவது சாத்துக்குடி. அந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்தது கடைக்காரரே அல்ல. அச்சுக்கடையில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பியிடம், “நூடுல்ஸ் படம் ஒண்ணு நல்லதாப் போடு தம்பி” என்று சொல்லிவிட்டு வந்திருப்பார். தம்பி இணையத்தில் முதலில் கண்ணில் பட்டதைப் போட்டிருப்பார்.

இதில் யாரும் ஏமாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் படம் ‘இங்கே நூடுல்ஸ் கிடைக்கும்’ என்று சொல்கிறதே தவிர, ‘இதுதான் கிடைக்கும்’ என்று சொல்லவில்லை. வண்டி அங்கேயே நிற்கிறது, சட்டி தெரிகிறது, பக்கத்து ஆள் தின்றுகொண்டிருக்கும் தட்டு தெரிகிறது. படம் பொய் சொன்னாலும் தட்டு உடனே திருத்திவிடும்.

கோலிக்குண்டு சூப்

படத்தை எப்படிச் செய்கிறார்கள் என்பது வெகுகாலம் தொழில் ரகசியமாக இருந்தது. பாலுக்குப் பதில் வெள்ளைப் பசை, ஐஸ்கிரீமுக்குப் பதில் பிசைந்த உருளைக்கிழங்கு, குளிர்ந்த டம்ளரின் மேல் வழியாமல் நிற்க கிளிசரின் துளி, ஆவிக்கு நனைந்த பஞ்சைச் சூடாக்கி மறைவில் வைப்பது என்று உணவுப் படத்துக்கென்றே ஒரு ஒப்பனைக் கலை வளர்ந்தது. அமெரிக்காவில் 1960களின் கடைசியில் கேம்ப்பெல் நிறுவனத்தின் சூப் விளம்பரம் மாட்டிக்கொண்டது இப்படித்தான். கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுச் சூப்பை ஊற்றியிருந்தார்கள். கோலிகள் அடியை அடைத்துக்கொள்ள, மூழ்க வேண்டிய காய்த்துண்டுகள் மேலே எழுந்து கூட்டமாகத் தெரிந்தன. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தலையிட்டது. இனி அப்படிச் செய்ய மாட்டோம் என்று நிறுவனம் 1970இல் ஒப்புக்கொண்டது. நம் ஊர் சாம்பார் விளம்பரத்தில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் ஏன் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கின்றன என்று யோசித்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

2012இல் மெக்டொனால்ட்ஸின் கனடா கிளை வேறொரு வழியில் போனது. விளம்பரத்தில் இருக்கும் பர்கர் கடையில் கிடைப்பதிலிருந்து ஏன் வேறுபடுகிறது என்று ஒரு வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கு, படமெடுக்கும் கூடத்தையே காணொளியாக்கிக் காட்டியது. கடையில் ஓரிரு நிமிடத்தில் தயாராகும் பர்கர், படத்துக்காகத் தயாராகப் பல மணி நேரம் பிடித்தது. வெங்காயமும் ஊறுகாயும் சாஸும் உள்ளே பரவலாக இல்லாமல் கேமரா பார்க்கும் ஓரத்துக்கு நகர்த்தப்பட்டன. கடைப் பர்கர் பெட்டிக்குள் ஆவி பட்டுச் சுருங்குவதும் ஒரு காரணம் என்றார்கள். பயன்படுத்திய பொருள்கள் எல்லாம் கடையில் இருப்பவைதாம் என்பதுதான் அவர்களுடைய வாதம். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

அந்த மிச்சத்தைப் பற்றித்தான் 2022இல் ஃப்ளோரிடாவில் பர்கர் கிங் மீது வழக்குப் போட்டார்கள். படத்தில் இருக்கும் வாப்பர் பர்கர், கையில் கிடைப்பதைவிட 35 சதவீதம் பெரிது என்பது குற்றச்சாட்டு. 2023 ஆகஸ்டில் நீதிபதி ராய் ஆல்ட்மன் கொடுத்த உத்தரவு நம் தள்ளுவண்டி விஷயத்தோடு பொருந்திப் போகிறது. தொலைக்காட்சி, இணைய விளம்பரங்கள் பற்றிய குற்றச்சாட்டை அவர் ஏற்கவில்லை. கடைக்குள் மெனு பலகையில் இருக்கும் படத்தைப் பார்த்துக் காசு கொடுத்தவர்களின் வாதத்தை மட்டும் தொடர அனுமதித்தார். அதே ஆண்டு நியூயார்க்கில் மெக்டொனால்ட்ஸ், வெண்டிஸ் ஆகியவற்றின் மீதான இதே மாதிரி வழக்கு தள்ளுபடியானது. எந்தப் படம் வெறும் அழைப்பு, எந்தப் படம் ஒப்பந்தம் என்பதில் நீதிமன்றங்களுக்கே இன்னும் ஒரே முடிவு இல்லை. வாங்கும் இடத்துக்குப் படம் எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவுக்கு அது வாக்குறுதி ஆகிறது என்பதை மட்டும் ஃப்ளோரிடா உத்தரவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தட்டு தெரியாத கடை

அந்தக் கணக்கில் பார்த்தால், கைபேசிச் செயலியில் படமும் வாங்கும் இடமும் ஒன்றேதான். விரல் தொடுவதே படத்துக்குக் கீழே உள்ள பட்டனைத்தான்.

தொடக்கத்தில் இது இப்படி இல்லை. சொமேட்டோ 2008இல் ஃபுடீபே என்ற பெயரில் தொடங்கியபோது அது ஓட்டல்களின் மெனு கார்டுகளை ஸ்கேன் செய்து ஏற்றிவைத்த இடம். அதாவது பழைய எழுத்துப் பலகையைத்தான் திரைக்குக் கொண்டுவந்தது. ஸ்விகி 2014இல் பெங்களூரில் தொடங்கியது. வீட்டுக்கே கொண்டுவரும் போட்டி சூடுபிடித்ததும் எழுத்து பின்னுக்குப் போய்ப் படம் முன்னுக்கு வந்தது. படம் இல்லாத பண்டம் விரலால் தள்ளிவிடப்படும் என்றானபோது, கையில் படம் இல்லாத சின்னக் கடைக்காரரும் எங்கிருந்தாவது ஒன்றை எடுத்துப் போட்டார். தள்ளுவண்டி நெற்றியில் யாரையும் ஏமாற்றாத அதே புரொக்கோலி நூடுல்ஸ், செயலிக்குள் வந்ததும் ஏமாற்று ஆகிவிட்டது. இங்கே பக்கத்தில் வண்டியும் இல்லை, சட்டியும் இல்லை, திருத்துவதற்கு அடுத்தவர் தட்டும் இல்லை.

அதோடு, அந்தப் படம் நம் வீட்டுக்கு வரப்போகும் பாத்திரத்தில் எடுத்ததல்ல. பிரியாணியை அகன்ற தட்டில் பரப்பி, பீஸை மேலே தூக்கி வைத்து, பாதியாக அறுத்த முட்டையின் மஞ்சள் தெரியும்படி திருப்பிவைத்துப் படம் எடுக்கிறார்கள். வருவதோ ஆழமான டப்பாவில், பீஸ் எங்கேயோ அடியில் புதைந்து. அண்டா முன்னால் நின்ற காலத்தில் தமிழர்கள் எல்லோரும் சொன்ன ஒரு வாக்கியம் உண்டு: “அண்ணே, நல்ல பீஸா பாத்துப் போடுங்க.” அண்ணனும் கரண்டியால் கிளறி ஒன்றைத் தேடுவது போலவாவது செய்வார். இன்று அதே வாக்கியத்தை, சமையல் குறிப்புக்கென்று செயலி கொடுத்திருக்கும் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டுக் காத்திருக்கிறோம். அதை யாராவது படிக்கிறார்களா என்பது டப்பாவைத் திறந்தால் தெரிந்துவிடும்.

இதில் எல்லாமே ஏமாற்று என்று சொல்வது நியாயமில்லை. கூம்பாகச் சுற்றி நிற்கும் நெய் ரோஸ்ட் படத்தைப் பார்த்துச் சொன்னால், நான்காக மடித்துத் துவண்ட தோசைதான் வரும். மூடிய டப்பாவுக்குள் தன் ஆவியிலேயே வெந்து முறுகல் போவது தோசையின் இயல்பு. அந்தக் காலத்து வாழையிலைப் பார்சலிலும் தோசை துவண்டுதான் போனது. ஆனால் பார்சல் வாங்கியவர் கல்லா ஓரம் நின்று, அதைக் கல்லிலிருந்து எடுப்பதையும் மடிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். “சட்னி இன்னொரு கரண்டி விடுங்க” என்று கேட்டு வாங்கினார். வீட்டுக்குப் போய் அவிழ்க்கும்போது உள்ளே இருப்பது அவருக்குத் தெரிந்த தோசை. தூரத்தால் வரும் குறையை மன்னிக்கலாம். வஞ்சரத் துண்டைப் படத்தில் காட்டிவிட்டு வால் பக்கத் துண்டை அனுப்புவதை எந்தத் தூரமும் நியாயப்படுத்தாது.

ஒரே சமையலறை, ஐந்தாறு பெயர் என்ற ஏற்பாடும் இப்போது சகஜம். மேஜை நாற்காலி இல்லாத கிளவுட் கிச்சன் ஒன்று, பிரியாணிக்கு ஒரு பெயர், சைனீஸுக்கு ஒரு பெயர், ‘பாட்டி கைமணம்’ போல இட்லிக்கு ஒரு பெயர் என்று செயலியில் தனித்தனிக் கடையாக நிற்கும். பழைய பலகையில் பெயர்தான் உத்தரவாதம். இங்கே பெயர் கெட்டுவிட்டால் அடுத்த வாரம் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

அதற்கும் அடுத்த படியை 2024இல் பார்த்தோம். செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்கள் மெனுவுக்குள் புகுந்தன. யாரும் சமைக்காத, எந்தக் கேமராவும் பார்க்காத உணவு. புகார்கள் குவிந்ததும் சொமேட்டோவின் அப்போதைய தலைமை நிர்வாகி தீபிந்தர் கோயல் அந்த ஆண்டு ஆகஸ்டில், இத்தகைய படங்களை ஓட்டல்கள் பயன்படுத்தக் கூடாது, மெனுவிலிருந்து அவற்றை நீக்குவோம் என்று அறிவித்தார். வெள்ளைப் பசையைப் பாலாகக் காட்டியவர்கூட ஒரு கிண்ணத்தையும் பசையையும் வாங்க வேண்டியிருந்தது. இப்போது அதுவும் தேவையில்லை.

கிராமுக்கு வந்த காலம்

மறுபக்கத்தில் வாடிக்கையாளரின் கை ஓங்கியிருப்பதையும் சொல்ல வேண்டும். பொட்டலத்தில் எடை, விலை, தயாரித்த நாள் எல்லாம் அச்சில் இருக்கின்றன. ஒரு கிராமுக்கு எவ்வளவு என்ற விலையையும் இப்போது பெரும்பாலும் அச்சிடுகிறார்கள். ஐந்து ரூபாய் சிப்ஸ் பொட்டலம் பார்க்க அதே உப்பலாக இருக்க, உள்ளே கிராம் குறைந்துகொண்டே வருவதைக் கண்டுபிடிக்க அந்தச் சின்ன எழுத்துதான் உதவி. உப்பல் காற்று அல்ல, நைட்ரஜன்; சிப்ஸ் காறாமலும் நொறுங்காமலும் இருக்க அது வேண்டும்தான். ஆனால் எவ்வளவு நைட்ரஜன் என்று யாரும் பொட்டலத்தில் எழுதுவதில்லை.

எழுதியதை எண்ணிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர், ஐடிசியின் சன்ஃபீஸ்ட் மாரி லைட் உறையில் 16 பிஸ்கட் என்று அச்சிட்டிருக்க உள்ளே 15தான் இருந்தன என்று திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். விற்பது எடைக் கணக்கில்தான், எண்ணிக்கைக் கணக்கில் அல்ல என்றது நிறுவனம். ஆணையம் எடையையும் பார்த்தது: உறையில் 76 கிராம், உள்ளே 74. 2023இல் அவருக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவிட்டது. ஒரு பிஸ்கட்டின் விலை ரூபாய்க்கும் குறைவு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே ஆள் மளிகைக் கடையில் கேட்டிருந்தால், “விடுங்க அண்ணாச்சி, இந்தாங்க இன்னொரு பிஸ்கட்” என்று ஜாடியிலிருந்து எடுத்துக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அதில் சௌகரியம் இருந்தது. நீதி இருந்ததா என்றால், ஜாடிக்கு அருகே நின்று கேட்கத் துணிந்தவருக்கு மட்டும் இருந்தது. எளியவரும் கூச்சப்பட்டவரும் கேட்காமலே போனார்கள்.

சட்டங்களும் கூர்மையாகியிருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம், விளம்பரத்தில் நடிப்பவரையும் பொறுப்பாக்கியது; எதிர்த்தரப்பு எங்கே இருந்தாலும் நம் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்றது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பவர் தரும் விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும் என்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு. பில்லில் இருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை வைத்து, ஐந்து பெயருக்குப் பின்னால் இருக்கும் ஒரே சமையலறையைக் கண்டுபிடிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இத்தனை இருந்தும், சட்டம் நன்றாகப் பிடிப்பது எண்ணையும் எழுத்தையும்தான். 76 கிராம் என்று எழுதி 74 கொடுத்தால் பிடிக்கும். நூறு சதவீதப் பழச்சாறு என்று எழுதக் கூடாது என்று 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னால் பெட்டியை மாற்றி அச்சடிப்பார்கள். ஆனால் படத்தில் பீஸ் பெரிதாகத் தெரிந்தது என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? படத்துக்குக் கீழே எடையும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. இது தற்செயல் அல்ல. எழுதினால் மாட்டிக்கொள்ளலாம், காட்டினால் தப்பித்துக்கொள்ளலாம் என்பது விற்பவர்கள் கற்றுக்கொண்ட பாடம். அன்று பலகையில் ‘அளவு சாப்பாடு’ என்று எழுதியவருக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை.

வாடிக்கையாளர்களும் படத்தாலேயே பதிலடி கொடுக்கிறார்கள். வந்த டப்பாவைத் திறந்து, கடைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, விமர்சனத்தில் ஏற்றிவிடுகிறார்கள். இன்றைக்கு அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்கும் ஒரே வழி அதுதான். அந்த மங்கலான, குழல்விளக்கு வெளிச்சத்தில் சாய்வாக எடுத்த படத்தில் இருக்கும் உண்மை, கடை போட்ட படத்தில் இல்லை. பாதிப் பணத்தைத் திரும்ப வாங்க டப்பாவையே கெட்டுப்போனது போல மாற்றிப் படமனுப்பும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள் என்று கடைக்காரர்கள் புலம்புவதும் பொய்யில்லை. நேரில் பார்க்காத இருவர் ஒருவரையொருவர் நம்பாமல் போவது இயல்பு.

இதற்குச் செய்யக்கூடியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிரியாணி என்றால் இத்தனை கிராம், இத்தனை பீஸ் என்று பண்டத்தின் பெயருக்கு அருகில் எழுதுவது. அனுப்பப்போகும் அதே டப்பாவில் வைத்துப் படமெடுப்பது. எந்தச் சமையலறை என்பதைப் பெயருக்கு அருகிலேயே சொல்வது. இப்படி எழுதும் சிறிய கடைகள் சில இப்போதே இருக்கின்றன. அவர்களுடைய படம் பளபளக்காது. டப்பாவின் விளிம்பில் சாம்பார் ஒழுகியிருக்கும். அதைப் பார்த்து முகத்தைச் சுளித்து அடுத்த படத்துக்கு விரலைத் தள்ளுபவர்களும் நாம்தான். அந்த அடுத்த படம் ஏமாற்றிய பிறகு ஒற்றை நட்சத்திரம் கொடுப்பவர்களும் நாம்தான். சட்டம் படத்தை அளக்கக் கற்றுக்கொள்ளும் வரை, எந்தக் கடை பிழைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது நம் விரல். அழகில்லாத, எடை எழுதிய படத்துக்குக் கீழே அது அடிக்கடி நின்றால், மற்ற கடைக்காரர்களும் எடையை எழுதத் தொடங்கிவிடுவார்கள். லாபம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமல்ல.